பேய்க் கணக்குகளும் என் மகளும்

என் மகளுக்குக் கணக்கு வராது என்று ஒரு டேப்லெட் தீர்ப்புச் சொன்னது. அதை நம்பிய பெரியவர்கள் நிறையப் பேர். நான் நம்பவில்லை. முதல் காரணம், நான் அவளுடைய அம்மா, அதை மறைக்கப்போவதில்லை. இரண்டாவது காரணம், எண்களை ஒப்பிடச் சொன்னால் கம்ப்யூட்டர் எங்கெங்கே உளறும் என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சோறு போடுகிற வேலையே அதுதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கல்யாணமான கையோடு ஹைதராபாத்துக்கு வந்து கொண்டாப்பூரில் குடியேறினோம். நானும் கணவரும் வெவ்வேறு மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். மகள் இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள். தமிழில் சொன்னால் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும். கோபம் வந்தால் ஹிந்தி. கோபம் என்னிடமிருந்து வந்தது என்று என் கணவர் சொல்லுவார், ஏதோ பரம்பரை வியாதியைச் சொல்லுவதுபோல. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவள் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் நடந்தது இது. இந்த ஊரில் ஆறாம் வகுப்பு என்பது சின்ன வகுப்பு இல்லை. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு அப்போதிருந்தே அஸ்திவாரம் போடுகிறார்கள். சனிக்கிழமை தோறும் டேப்லெட்டில் பரீட்சை. சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு, தவறான விடைக்குக் கழித்துக்கொள்வார்கள், எழுதாமல் விட்டால் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் வித்தையே விடுவதுதான். சந்தேகமா, விடு. நேரம் தின்கிறதா, விடு. தெலுங்கில் "வதிலேய்" என்பார்கள். அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றால் வணக்கத்தைவிட அதிகமாகக் காதில் விழும் சொல் அதுதான்.

அந்தப் பரீட்சைகளை வைத்துத்தான் செக்‌ஷன் பிரிப்பார்கள். முதல் செக்‌ஷனில் கஷ்டமான கணக்குகளைப் போட்டுப் பிள்ளைகளை முட்டிமோத விடுவார்கள். கடைசி செக்‌ஷனில் எளிய கணக்கையே திரும்பத் திரும்பப் போட வைப்பார்கள். என் மகளுக்கு முட்டிமோதுகிற கணக்குதான் உயிர். மிட்டாய்க்கு அழாத குழந்தை, பாதியில் நிறுத்திய கணக்குக்கு அழுவாள். அவளைத்தான் முதல் செக்‌ஷனிலிருந்து கடைசிக்கு இறக்கப்போவதாகச் செய்தி வந்தது. கவனக்குறைவு, சில்லி மிஸ்டேக்ஸ் நிறைய, வரும் திங்கட்கிழமையிலிருந்து மாற்றுகிறோம் என்று ஆப்பில் நாலே வரி.

அன்றைக்குச் சாயங்காலம் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு டேப்லெட்டை என் மடியில் போட்டாள். 0.3-ஐயும் 0.6-ஐயும் கூட்டு என்று கணக்கு. கீழே மூன்று வரி. உன் விடை 0.9. சரியான விடை 0.9. தவறு.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"திஸ் ஈஸ் எ தெய்யம் லெக்க அம்மா" என்றாள். தெய்யம் என்றால் பேய். லெக்க என்றால் கணக்கு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பேய்க் கணக்குகளைத் தெரியுமாம். 0.4-உம் 0.5-உம் கூட்டினால் வருகிற 0.9-ஐ ஆப் ஏற்றுக்கொள்ளும். 0.3-உம் 0.6-உம் கூட்டினால் வருகிற 0.9-ஐ ஏற்றுக்கொள்ளாது. 0.1-உம் 0.2-உம் பேய். 0.7-உம் 0.1-உம் பேய். எது பேய் என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பரீட்சையில் பேய் வந்தால் தொடாமல் தாண்டிப் போய்விடுவார்கள். சாருக்கும் தெரியுமாம். பேய் வந்தால் வதிலேய் என்று அவரே சொன்னாராம்.

"அப்ப நீ?" என்றேன்.

"நேனு வதலனு." நான் விடமாட்டேன் என்றாள். "நாக்கு ஆன்ஸர் தெலுசு கதா? தெரிஞ்சத கியூன் சோடூன்?"

மூன்று மொழியில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். விடை தெரிந்த கணக்கை எதற்காக விடவேண்டும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பேயைப் பார்த்ததும் 0.9 என்று எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஆப் அவளுக்கு மதிப்பெண்ணைக் கழித்திருக்கிறது. அவளைவிடக் குறைவாகக் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் தாண்டிப்போய் மேலே நின்றிருக்கிறார்கள். எனக்கு வந்த பெருமையில் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அவர் நல்ல மனிதர். சண்டை என்றால் மட்டும் பத்து வீடு தள்ளி நிற்பவர்.

"போச்சாது உடு கண்ணு. எல்லாப் புள்ளைகளும் தாண்டிப் போறாங்கல்ல, பாப்பாவையும் தாண்டச் சொல்லு. இதுக்குப் போயி அவங்களோட மல்லுக்கட்டோணுமா?"

"அவ சரியா எழுதியிருக்கறாளுங்க. சரியா எழுதுனவ எதுக்குத் தாண்டோணும்?"

"சரிதான், யாரு இல்லைன்னா? ஊரோட ஒத்துப் போயிட்டாத் தேவலை."

வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவிலும் கேட்டுப் பார்த்தேன். ஆமாம், எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று பதில்கள் குவிந்தன. ஆனால் ஒருவருக்கும் கவலை இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதானே, ரேங்க் மாறாதே, உங்கள் மகளுக்கு விடச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தப்பு எல்லோருக்கும் பொது என்றால் அது தப்பே இல்லை என்று நினைக்கும் அளவுக்கு நாம் பக்குவப்பட்டுவிட்டோம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

எனக்குப் பார்த்த உடனேயே சந்தேகம் தட்டியிருந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க நான் எழுதுகிற ஸ்கிரிப்ட் மொழியில் ஒரே ஒரு வரி அடித்தேன். 0.3-ஐயும் 0.6-ஐயும் கூட்டினால் அது 0.9-க்குச் சமமா? இல்லை என்றது. சரி, கூட்டினால் எவ்வளவுதான் வருகிறது, ஒளிக்காமல் காட்டு என்றேன். 0.8999999999999999 என்று வாலை நீட்டிக் காட்டியது.

விஷயம் இதுதான். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறவர்கள். கம்ப்யூட்டர் இரண்டு இரண்டாகப் பிரித்து எண்ணுவது. ஒன்றை மூன்றாகப் பங்குபோட்டால் நமக்கு 0.333 என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். அதுபோல அதற்குப் பத்தில் ஒன்று முடியவே முடியாது. அரையும் காலும் ஒழுங்காக உட்காரும். 0.3-உம் 0.6-உம் 0.9-உம் உட்காராது. இடம் தீருகிற இடத்தில் வெட்டிவிட்டுக் கிட்டத்தட்ட அந்த எண்ணை வைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட 0.3-ஐயும் கிட்டத்தட்ட 0.6-ஐயும் கூட்டினால் வருவது, நாம் நேராக அடிக்கிற கிட்டத்தட்ட 0.9-உடன் வால் நுனியில் பொருந்தாமல் போகலாம். சில கணக்கில் பொருந்திவிடும். சில கணக்கில் பொருந்தாது. பிள்ளைகளின் பேய் இதுதான்.

மொழியின்மேல் குற்றம் சொல்லமாட்டேன். கேட்டால் அது மறைக்காமல் காட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஆப் செய்து கொடுத்தவர்கள்தான் கேட்கவில்லை. விடையை யாரும் எழுதிவைக்காமல் ஆப்பையே கூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழந்தையின் விடையோடு அச்சு அசலாக ஒன்றா என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். திரையில் காட்டும்போது மட்டும் வாலை மடக்கி 0.9 என்று காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 0.9 வேறு 0.9 வேறு என்று நின்றது. இதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டும் ஒன்றா என்று கேட்கக்கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குச் சின்னதா என்று கேட்கவேண்டும். எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஒரு வரி வேலை.

சந்தேகம் தீரவேண்டுமே என்று மகளின் டேப்லெட்டில் அதே கணக்கை எடுத்து, 0.8999999999999999 என்று அத்தனை ஒன்பதையும் அடித்துப் பார்த்தேன். டிங் என்று சத்தம். திரை முழுக்க நட்சத்திரம். சபாஷ் என்றது ஆப்.

அவர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, இவ்வளவுதானா? அப்ப பாப்பா இதையே அடிச்சுட்டாப் போச்சு. மத்தவங்களுக்கெல்லாம் சைபரு, இவளுக்கு முழு மார்க்கு!"

மகள் டேப்லெட்டை வாங்கி அந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். "தட் ஈஸ் த ராங் ஆன்ஸர், அப்பா" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் அவளுக்குப் பிடித்த தக்காளி தோசை ஊற்றினேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் டீம் லீடிடம் லீவு கேட்டேன். அவர் செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் வளர்ந்த தமிழச்சி. ராணுவத்தில் கணக்கு எழுதப்போன கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் இங்கேதான். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன வருஷம் இதே மாதிரி ஒப்பீடு ஒன்று எங்கள் ப்ரோகிராமில் இருப்பதைக் கண்டுபிடித்து நான் புகார் பதிந்தேன். அக்கா அதைச் சரிசெய்யத் தேவையில்லை என்று மூடிவிட்டார். "தொட நக்கோ டீ. கஸ்டமர் ஒண்ணும் கேக்கல, நாம கைக்கு வீணா டென்ஷன் எடுக்கணும்?" என்றார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, இந்த ஊர் உருது அவர் தமிழில் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் அப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன்.

இப்போது மகளின் கதையை முழுவதும் சொன்னேன். திட்டப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"ஒன்பது ஒன்பதா அடிச்சா மார்க்கு வருதுன்னு தெரிஞ்சும் அடிக்கமாட்டேன்னுதா?"

"ஆமாக்கா."

"ஹவ்?" அப்படியா என்று நம்பாமல் ஒருமுறை கேட்டார். "அப்ப நீ இங்க உக்காந்து என்ன பண்றே? போ. உன் வேலைய நான் பாத்துக்கறேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. பிறந்ததிலிருந்து நான் கேட்டு வளர்ந்த வார்த்தை அட்ஜஸ்ட். பஸ்ஸில் இடிக்கிறவனை அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை வேறொருவன் சொன்னதாக எழுதினால் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பெரிய பெரிய வித்தியாசத்தையெல்லாம் பொறுத்துக்கொள் என்று மனிதர்களிடம் சொல்லுகிற இந்த உலகம், ஒரு இயந்திரத்தின் வால் நுனியில் இருக்கிற ஒன்றுமே இல்லாத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ள அந்த இயந்திரத்துக்குச் சொல்லாதாம். அதற்கும் சேர்த்து என் மகள்தான் அட்ஜஸ்ட் பண்ணவேண்டுமாம். முடியாது என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

கணக்குக்குப் பொறுப்பான சார் ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப்பையில் சிவப்புப் பேனா. டேப்லெட் வருவதற்கு முன்னால் கரும்பலகையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று பார்த்தாலே தெரியும்; விரல் நகங்களில் இன்னும் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. "கூர்சோண்டி மேடம்" என்று நாற்காலியைக் காட்டினார். மகளையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து என் பக்கத்தில் உட்காராமல் மேஜை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து வாலைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார்.

"வதிலேயண்டி மேடம்" என்றார். ஆப் வெளியாள் செய்தது, சொன்னால் எப்போது மாற்றுவார்களோ தெரியாது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்கள் பாப்பா கெட்டிக்காரிதான், நான் மேலே பேசி அவளை மட்டும் முதல் செக்‌ஷனிலேயே வைத்துவிடுகிறேன், நீங்கள் இதைப் பெரிசாக்கவேண்டாம் என்றார்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று ஒரு கணம் தோன்றியது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"சார்" என்றேன், "அவளுக்குத் தயவு பண்ணவேண்டாம். அவள் எழுதினது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள்."

"சரிதான். அதில் என்ன சந்தேகம்?"

"அப்படியானால் நீங்களே ஒருமுறை அந்தக் கணக்கைப் போடுங்கள்."

மேஜையில் இருந்த டேப்லெட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். 0.3-உம் 0.6-உம். 0.9 என்று அடித்தார். தவறு என்று சிவப்பில் வந்தது, மதிப்பெண் கழிந்தது. பிள்ளைகளை விடச் சொன்னவர் தானே ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது; விரல் தப்பாகப் பட்டுவிட்டதோ என்று திரையைக் கைக்குட்டையால் துடைத்தார். மறுபடியும் நிதானமாக 0.9 அடித்தார். தவறு. அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. காது மடல் சிவந்தது. தன்னைவிடச் சின்னவன் யாரோ கைநீட்டி அடித்துவிட்டதுபோல அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு அவர் விரல் தானாகவே அடுத்த கணக்கு என்ற பொத்தானுக்குப் போனது.

"வதலொத்து சார்" என்றாள் என் மகள். விடாதீர்கள் சார். "ஆன்ஸர் மீக்கு தெலுசு கதா?" விடை உங்களுக்குத் தெரியுமே?

விரல் அப்படியே நின்றது. வாத்தியாரிடம் இப்படியா பேசுவது என்று என் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் அவளைப் பார்த்தார், கோபமாக இல்லை. டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அலுவலகத்துப் பையனிடம் சொல்லாமல் தானே எழுந்துபோய் அந்த செக்‌ஷன் பிள்ளைகள் எல்லோருடைய விடைகளையும் அச்செடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முதலில் என் மகளுடைய தாள். 0.3-உம் 0.6-உம், 0.9. டிக். 0.1-உம் 0.2-உம், 0.3. டிக். 0.7-உம் 0.1-உம், 0.8. டிக். பழைய பழக்கத்தில் ஒவ்வொரு டிக்கையும் நீளமாக இழுத்தார். அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டியிருந்த கை எப்போதோ அவிழ்ந்திருந்தது. இனிமேல் விடையை ஆசிரியர்கள்தான் எழுதிவைப்போம், ஆப்காரர்களிடம் இன்றைக்கே பேசுகிறேன், இவள் எங்கேயும் போகவேண்டாம் என்றார். பேசும்போதே அடுத்த பிள்ளையின் தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் திருத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், கட்டு முழுவதையும் புரட்டினார். அந்தக் கணக்குகளுக்கு நேராக எல்லாத் தாளிலும் இடம் வெறுமையாகக் கிடந்தது. விடச் சொல்லியிருந்தார், விட்டிருந்தார்கள். சிவப்புப் பேனா கையில் இருந்தது. டிக் போட ஒரு விடை இல்லை.